டிவியில் வெளுத்த மஞ்சள்

கொல்லிமலையில் என்னை டிவிக்காரர் என்று கூப்பிடுகிறார்கள். அந்தப் பெயருக்காக நான் எதுவும் படிக்கவில்லை. நாமக்கல்லில் ஒரு டிவி கடையில் பெட்டி தூக்கும் வேலையில் இருந்தேன். மலைக்குப் போகிற டிவியை இறக்கி, சுவரில் மாட்டிக் கொடுத்துவிட்டு வரவேண்டும். கடை மெக்கானிக்கு அடிவாரத்துக் காரவள்ளியைத் தாண்டி நாலு வளைவு ஏறினாலே வாந்தி வந்துவிடும். எனக்கு வராது. லாரியில் கிளீனராக இருந்தபோது எடுக்க வேண்டியதையெல்லாம் எடுத்து முடித்திருந்தேன். அதனால் எந்த ஒயரை எங்கே சொருக வேண்டும் என்று காட்டிக் கொடுத்து அவர் என்னை அனுப்பினார். பிறகு கடையில் ஆள் குறைத்தார்கள். போக வேறு இடம் தோன்றாததால் மலையிலேயே இருந்துகொண்டேன். சோளக்காடு என்கிற சந்தை ஊரில் மிளகு மூட்டை அடுக்கும் அறைக்குப் பின்னால் படுக்க இடம் கிடைத்தது. மழை நாளில் மூட்டைகளுக்குத் தார்ப்பாய் போடுவார்கள். மிச்சம் இருந்தால் எனக்கு.

அதற்கு முன்னால் திருப்பூரில் சாயப்பட்டறை, கோயம்புத்தூரில் ஓட்டலில் பாத்திரம் கழுவுதல், ஓசூர்ப் பக்கம் பூந்தோட்டம் என்று பல இடம் போயிருக்கிறேன். பள்ளிக்கூடம் ஏழாவதோடு சரி. தமிழ் படிப்பேன், கையில் கிடைத்ததையெல்லாம் படிப்பேன். இங்கிலீஷில் எழுத்துகள் தனித்தனியாகத் தெரியும். பக்கத்தில் பக்கத்தில் நின்றால் அவை எனக்குச் சொல்லாக மாறுவதில்லை.

டிவியோடு சேர்த்து மாட்டுகிற ஆண்ட்ராய்டு பெட்டியில் எல்லாமே இங்கிலீஷ். நான் அதை இடம் பார்த்துப் பழகியிருந்தேன். பல்சக்கரப் படத்துக்குப் போ, கீழே மூன்று தட்டு, வலது பக்கம், மறுபடி கீழே இரண்டு, ஓகே. இருட்டில் சொந்த வீட்டுக்குள் நடப்பது மாதிரிதான். யாராவது பக்கத்தில் வந்து, “இதுல என்னங்க எழுதியிருக்குது?” என்று கேட்டால், “அது கம்பெனி சமாச்சாரங்க” என்பேன். மேற்கொண்டு கேட்க மாட்டார்கள். மலையில் மனிதர்களுக்கு மரியாதை அதிகம். வேலை செய்கிறவனைத் தொந்தரவு செய்யக் கூடாது என்று நினைப்பார்கள்.

மலையில் சில ஊர்களைச் சேர்த்து ஒரு நாடு என்பார்கள். திருப்புலி நாட்டில் ஒரு வீட்டுக்கு இப்படி ஒரு பெட்டி மாட்டியிருந்தேன். மிளகும் குச்சிக்கிழங்கு என்கிற மரவள்ளியும் போடுகிற குடும்பம். கொஞ்ச நாள் கழித்து அவர்கள் பெண்ணுக்குக் கல்யாணம் நடந்தது. அது முடிந்து சில வாரத்தில் பெண்ணின் அம்மா எனக்குப் போன் பண்ணினார்.

“ஏனுங்க, டிவிக்காரருங்களா? டிவில கலரு செத்துப் போச்சுங்க. நாளைக்கு மத்தியானம் சம்பந்தி ஊட்டுக்காரங்க விருந்துக்கு வாராங்க. கல்யாண வீடியோ பாக்கோணும்னே வாராங்க. காலையிலயே வந்துருங்க சாமி.”

மறுநாள் முதல் பஸ்ஸில் போய் இறங்கி நடந்தேன். கூடத்தில் பக்கத்து வீடுகளிலிருந்து வாங்கி வந்த நாற்காலிகள் வரிசையாகக் கிடந்தன. வீட்டுக்காரர் கோழி வாங்கப் போயிருந்தார். அந்த அம்மா எனக்கு ஒரு நாற்காலியைத் துடைத்துப் போட்டார். என் பேண்ட்டில் நடந்து வந்த செம்மண் இருந்தது. நான் நின்றுகொண்டே, “வீடியோவைப் போடுங்க, பாக்கலாம்” என்றேன்.

வீடியோ ஒரு பென் டிரைவில் இருந்தது. திருப்பூரில் வேலை செய்கிற, அந்த அம்மாவின் அண்ணன் மகன், புதிதாக வாங்கிய விலை கூடின போனில் எடுத்தது. அவன் பதிந்து கொடுத்துவிட்டுத் திருப்பூர் திரும்பிவிட்டான். படம் ஓடியது. பந்தல், வாழைமரம், ஜனங்கள், எல்லாவற்றின் மேலும் சாம்பலைத் தூவிய மாதிரி இருந்தது. பெண்ணின் அரக்குச் சேலை பழைய செங்கல் நிறத்தில் தெரிந்தது. அந்த அம்மா ரிமோட்டை என்னிடமிருந்து வாங்கி, படத்தை ஓட்டி, தாலி கட்டுகிற இடத்தில் நிறுத்தினார்.

“கயித்தப் பாருங்க.”

பார்த்தேன். மாப்பிள்ளையின் கையிலிருந்த தாலிக் கயிறு மஞ்சளாக இல்லை. மாட்டுக்குக் கட்டிய கயிறு மழையில் நனைந்து வெளுத்தால் எப்படி இருக்குமோ அப்படி இருந்தது.

“போன்ல பாத்தப்ப நல்லாத்தானுங்க இருந்துச்சு” என்றார் அந்த அம்மா. “ஆனா போன நம்ப முடியுங்களா? அது எல்லாத்தையும் அழகாத்தான் காட்டும். எம் மூஞ்சியவே செவப்பாக் காட்டுது. பெரிய டிவில போட்டாத்தான் உள்ளது தெரியுது.”

அவர் அதைக் கிண்டலாகச் சொல்லவில்லை. யோசித்துச் சொன்னார். அந்த ஊரில் எல்லோர் போனிலும் முகத்தை வெளுப்பாக்கிக் காட்டுகிற சமாச்சாரம் இருக்கிறது. போன் முகஸ்துதி செய்யும், டிவி செய்யாது. அவர் கணக்கு அது. அதில் தப்பு என்ன என்று எனக்கும் உடனே சொல்லத் தெரியவில்லை.

நான் டிவிக்குப் பின்னால் குனிந்து ஒயரைக் கழற்றிக்கொண்டிருந்தபோது குரலைத் தாழ்த்தி மற்றதையும் சொன்னார். அந்தக் குடும்பத்தில் தாலிக் கயிற்றுக்கு மஞ்சள் ஏற்றுவது பெண்ணுடைய அத்தையின் வேலை. இந்தப் பெண்ணுக்கு ஒரே அத்தை. வீட்டுக்காரரின் அக்கா. அவருடைய புருஷன் கேரளாவில் தோட்ட வேலைக்கென்று போனவர், பல வருஷமாகத் திரும்பி வரவில்லை. கல்யாணத்துக்கு முந்தின நாள் மாப்பிள்ளையின் அம்மா, “கயித்துக்கு வேற யாரும் இல்லீங்களா?” என்று கேட்டாராம். இந்த அம்மாதான், “எங்க நங்கையா கை வெச்சாத்தான் எனக்குத் திருப்தி” என்று அடித்துச் சொல்லியிருக்கிறார். கணவனின் அக்காவை அந்தப் பக்கம் நங்கையா என்பார்கள்.

“இப்ப சம்பந்தியம்மா வந்து இதப் பாத்தாங்கன்னா என்னங்க சொல்லுவாங்க? வாழாதவ கை பட்டுத்தான் மஞ்ச நிக்கலம்பாங்க. நேத்து நானே வாய் தவறி, மஞ்ச பழசுங்களா நங்கையான்னு கேட்டுப்போட்டேன். அதுலருந்து அவங்க இந்தப் பக்கமே வரல. பின்னால கெழங்கு உரிச்சுட்டிருக்காங்க. பந்திக்கும் வரமாட்டேன்னுட்டாங்க.”

பின்கட்டிலிருந்து கத்தி பலகையில் படுகிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. அப்போதுதான் எனக்கு இது டிவி ரிப்பேர் இல்லை என்று புரிந்தது. புரிந்ததும் கை வேகமாக ஓடத் தொடங்கியது. கை வேகமாக ஓடினால் நான் தப்புத்தான் செய்வேன்.

முதலில் ஒயரை மாற்றினேன். ஒன்றும் ஆகவில்லை. பிறகு டிவியின் ரிமோட்டை எடுத்துக் கலரைக் கூட்டினேன். டிவியின் கலர் கோடு எனக்கு நன்றாகத் தெரியும், படத்தோடு இருக்கும். கடைசி வரைக்கும் கூட்டியதும் கயிறு மஞ்சளானது. கூடவே மாப்பிள்ளையின் கண், பல், வேட்டி எல்லாம் மஞ்சளானது.

“மாப்பிள்ளைக்குக் காமாலையாட்டம் இருக்குதுங்களே” என்றார் அந்த அம்மா. “இதப் பாத்தா அவங்கம்மா இங்கயே கீழாநெல்லி தேடுவாங்க.”

அவரே சிரித்தார். நானும் சிரிக்க முயன்றேன். கலரைப் பழையபடி குறைத்தேன்.

படத்தை முதலிலிருந்து போட்டபோது மூலையில் மூன்று எழுத்து வந்து மறைந்தது. அந்த மூன்றின் முகம் எனக்குத் தெரியும். எச், டி, ஆர். கடை மெக்கானிக் ஒருமுறை சொல்லியிருந்தார், புதுப் போன்களில் எடுக்கிற படம் வெளிச்சத்தையும் நிறத்தையும் வேறு அளவில் பதிகிறது, பழைய டிவிக்கு அந்த அளவு தெரியாது, நடுவில் இருக்கிற பெட்டிதான் மாற்றிக் கொடுக்க வேண்டும், மாற்றச் சொல்லி ஒரு இடத்தில் வைக்க வேண்டும் என்று. இந்த டிவி சில வருஷத்துக்கு முந்தியது. ஆகவே அதுதான் விஷயம். பெட்டியில் அந்த இடம் எங்கே என்பதும் எனக்குத் தெரியும். தெரியும் என்று நினைத்தேன்.

பல்சக்கரத்துக்குப் போய் என் கணக்குப்படி தட்டினேன். ஓகே அழுத்தினேன். திரை கறுத்துப்போனது.

“என்னங்க ஆச்சு?”

“ஒரு நிமிஷங்க.”

மின்சாரத்தைப் பிடுங்கி மறுபடி சொருகினேன். பெட்டி உயிர் பெற்றது. மறுபடி அதே வழியில் போனேன். மறுபடி கறுப்பு. அப்போதுதான் கவனித்தேன், முன்பு இருந்ததைவிட வரிகள் கூடியிருந்தன. போன் நெட்டோடு சேர்த்து வைத்ததில் பெட்டி தன்னைத்தானே புதுப்பித்துக்கொண்டு எல்லாவற்றையும் இடம் மாற்றி வைத்திருந்தது. நான் நடந்து பழகிய வீட்டில் யாரோ சுவர்களை நகர்த்திவிட்டார்கள். இனி ஒவ்வொரு வரியாகப் படித்துத்தான் பார்க்க வேண்டும். என்னால் முடியாதது அது ஒன்றுதான்.

மூன்றாவது முறை கறுத்தபோது பிடுங்கப் போன என் கையை அந்த அம்மா தடுத்தார். “அவசரப்படாதீங்க சாமி. அடுப்புக்கூட ஊதுன ஒடனே எரியறதில்ல.” நின்றோம். சற்று நேரத்தில் படம் தானாகவே திரும்பி வந்தது, நடுவில் ஒரு கட்டத்தில் இங்கிலீஷில் ஏதோ எழுதியிருந்தது.

“என்னமோ கேக்குதுங்களே. என்னங்க கேக்குது?”

“அது கம்பெனி சமாச்சாரங்க.”

நான் சொன்னது என் காதுக்கே கேட்டது. நேரம் போய்க்கொண்டிருந்தது. வெளியே வீட்டுக்காரர் வந்து சேர்ந்து, சம்பந்தி வீட்டு ஜீப் சோளக்காடு வந்துவிட்டதாகவும், அங்கே பலாப்பழம் பேரம் பேசிக்கொண்டிருப்பதாகவும் சொன்னார். நான் மறுபடி பட்டியலுக்குள் போய், காற்றில் விரலை வைத்து மேலிருந்து கீழாக வரிகளை எண்ணினேன்.

“ஏந்தம்பி, எழுத்தப் படிக்கறீங்களா, வரிய எண்றீங்களா?”

பின்கட்டு வாசலில் அந்த அத்தை நின்றிருந்தார். கையில் கிழங்குத் தோல் ஒட்டியிருந்தது. எவ்வளவு நேரமாக நின்றார் என்று தெரியாது. என் காது இரண்டும் சுட்டன. முப்பத்தைந்து வயது தாண்டிய ஆண், தோளில் ஸ்க்ரூடிரைவர் பை, இரண்டு பெண்களுக்கு நடுவில் சுவரைப் பார்த்து நிற்கிறேன். சாயப்பட்டறையில் தொட்டி ஆவியில் மயங்கி விழுந்து எல்லோர் முன்னாலும் வேட்டி அவிழக் கிடந்திருக்கிறேன். அன்றுகூட இப்படி இல்லை.

“நங்கையா, அவர வேல செய்ய உடுங்க” என்றார் பெண்ணின் அம்மா. அவருக்கும் புரிந்துவிட்டது என்பது அந்தக் குரலில் இருந்தது. அதை அவர் மறைக்கப் பார்த்ததும் தெரிந்தது. என்னைக் காப்பாற்ற அவர் அவசரப்பட்டதுதான் எனக்கு அதிகம் வலித்தது.

அத்தை விடவில்லை. “நான் கொறயாச் சொல்லல. எனக்கும்தான் இங்கிலீசு வராது. இதுல தமிழு வராதுங்களா? போன்ல எல்லாம் வருதே.”

வரும். அது எனக்கு முதல் நாளிலிருந்து தெரியும். மொழிப் பட்டியலில் ஒவ்வொரு மொழியும் அதனதன் எழுத்திலேயே இருக்கும். நடுவில் ‘தமிழ்’ என்று இருப்பதைப் பல வீடுகளில் கடந்து போயிருக்கிறேன். ஒரு வீட்டிலும் அதை அழுத்தவில்லை. தமிழில் வைத்துவிட்டால் எல்லோரும் படிப்பார்கள். எல்லோரும் படித்தால் நான் எதற்கு என்று நினைத்திருந்தேன். அதைவிட, இங்கிலீஷில் தட்டுகிறவனைப் பார்த்து ஜனங்கள் கொஞ்சம் ஒதுங்கி நிற்பது எனக்குப் பிடித்திருந்தது.

“வருங்க” என்றேன். தேடிப் போய் அழுத்தினேன். திரை முழுக்கத் தமிழ் வந்தது.

“அட, இது நம்ம ரேசன் கடை போர்டாட்டம் இருக்குது” என்றார் அத்தை. முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு டிவிக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். “கோளாறு என்னன்னு மொதல்ல சொல்லுங்க. அப்பத்தான தேட முடியும்.”

நான் மெக்கானிக் சொன்னதைச் சொல்லிப் பார்த்தேன். வெளிச்சம், அளவு என்று ஏதோ உளறினேன். அவர் முகத்தில் ஒன்றும் மாறவில்லை. பிறகு சோளக்காட்டில் நான் தினமும் பார்ப்பதை வைத்துச் சொன்னேன். “நீங்க மலையில சாமையை வள்ளத்துல அளக்கறீங்க. கீழ இருக்கறவங்க படியில அளக்கறாங்க. வள்ளம் பெருசு, படி சிறுசு. நீங்க பத்துன்னு சொல்லி அனுப்பறீங்க, வள்ளக் கணக்குல. வாங்கறவன் பத்துன்னா பத்துப் படின்னு எடுத்துக்கறான். தானியம் கொறஞ்சா போச்சு? கொறையல. கணக்கு மாறிப்போச்சு. அந்தப் போன் வள்ளத்துல அளந்து அனுப்புது. இந்த டிவி படியில எடுத்துக்குது. அதனால மஞ்சள் கொறச்சலாத் தெரியுதுங்க.”

அத்தை திரைக்கு இன்னும் நெருக்கமாக நகர்ந்து உட்கார்ந்தார்.

“அப்பக் கயிறு மஞ்சளாத்தான் இருக்குதுன்றீங்க.”

“ஆமாங்க.”

“நான் ஏத்துன மஞ்ச அப்படியே இருக்குது.”

“ஆமாங்க.”

“அத வந்தவொடனே சொல்றதுக்கென்ன? காலையிலருந்து ஒயரப் புடுங்கிப் புடுங்கிச் சொருகறீங்க.”

எனக்கே நிச்சயமில்லாததால் சொல்லவில்லை. நிச்சயமில்லை என்று சொல்லவும் முடியவில்லை. அந்த நேரமெல்லாம் ஒருவர் பின்கட்டில் தன் கையைத் தானே சந்தேகப்பட்டுக்கொண்டு கிழங்கு உரித்திருக்கிறார்.

பெண்ணின் அம்மா, “அப்ப நேத்து நான் கேட்டது...” என்று இழுத்தார்.

“கேட்டது கேட்டதுதான். போயிக் கோழியப் பாரு புள்ள, அடிப்பிடிச்சுக்கும்” என்றார் அத்தை.

அவர் ஐந்தாவது வரை படித்தவர். எழுத்துக் கூட்டித்தான் படித்தார். கம்பெனிக்காரன் தமிழோ விசித்திரமாக இருந்தது. “ஒளி... பரப்பு வெளியீடு. இதுங்களா?” இல்லீங்க. “திரைத் தெளிவு?” அதுதான் கறுப்பாக்கியது, வேண்டாம் என்றேன். “உயர் இயங்கு வரம்பைச் சாதாரண வரம்புக்கு மாற்று. ஏந்தம்பி, வரம்புன்னா வயல் வரம்புங்களா?”

“அதேதானுங்க. மாத்தறதுன்னு வருதில்ல, நாம தேடறது இதுதான். அதுக்குள்ள என்ன எழுதியிருக்குது?”

“முடக்கப்பட்டது.”

“அதுதானுங்க. தொறந்து விடோணும்.”

அழுத்தினேன். திரை ஒருமுறை சிமிட்டியது. வாசலில் ஜீப் வந்து நின்ற சத்தம் கேட்டது.

மாப்பிள்ளை, பெண், மாப்பிள்ளையின் அம்மா, பின்னால் பலாப்பழம் தூக்கிக்கொண்டு மாப்பிள்ளையின் அப்பா. அத்தை எழுந்து பின்கட்டுக்குப் போய்விட்டார். சம்பந்தியம்மா பெரிய உடம்புக்காரர். முன்வரிசை நாற்காலியில் உட்கார்ந்ததும் திரையில் நின்ற தமிழ்ப் பட்டியலைப் பார்த்தார்.

“இதென்னுங்க சம்பந்தி, ஓட்டர் லிஸ்ட்டா?”

“நான்தானுங்க தமிழ்ல வெக்கச் சொன்னேன்” என்றார் பெண்ணின் அம்மா, என்னைப் பார்க்காமல். “நமக்கும் படிக்கோணுமில்லீங்க.”

வீடியோவைப் போட்டேன். பழைய சாம்பல். ஒரு மாற்றமும் இல்லை.

படத்தில் மாப்பிள்ளை வீட்டார் ஜீப்பிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தார்கள். தாலிக்கு இன்னும் நேரம் இருந்தது, ஆனால் அதிகமில்லை. சம்பந்தியம்மா கழுத்தை நீட்டினார். “ஒரே பனி மூட்டமா இருக்குதே. கல்யாணத்தன்னிக்கு வெயிலுதானுங்களே அடிச்சுது?”

பெண்ணின் அம்மா என் பக்கம் திரும்பவில்லை. திரும்பாமல் இருக்க அவர் பட்ட பாடு தெரிந்தது. அப்போது எனக்கு இன்னொன்று ஞாபகம் வந்தது. படம் ஓட்டுகிற செயலியின் மேல் மூலையில் இரண்டு எழுத்துப் பொத்தான் ஒன்று உண்டு. எஸ், டபிள்யூ என்று இருந்தால் செயலி தானே படத்தைப் பிரித்துப் போடும், பெட்டியின் மாற்றும் வேலைக்கு விடாது. எச், டபிள்யூ ஆக்கினால் பெட்டியிடம் விடும். படம் திக்கினால் மாற்று என்று மெக்கானிக் சொல்லிக் கொடுத்தது. எழுத்தின் முகம் பார்த்து மாற்றினேன்.

படம் ஒரு கணம் நின்றது. பிறகு வந்தது. சருகு மாதிரி இருந்த மாலை செவ்வந்தி ஆனது. வாழை பச்சையானது. பெண்ணின் சேலையில் அரக்கு ஏறியது. யாரோ கண்ணாடியைத் துடைத்துக் கொடுத்த மாதிரி இருந்தது.

“இப்பத்தானுங்க பனி வெலகுச்சு” என்றார் சம்பந்தியம்மா.

தாலி கட்டுகிற இடம் வந்தது. கயிறு மஞ்சளாக இருந்தது. அப்படி ஒரு மஞ்சளைத் திருப்பூர்த் தொட்டிகளில்கூட நான் பார்த்ததில்லை, மாப்பிள்ளையின் விரலிலும் ஒட்டியிருந்தது. சம்பந்தியம்மா கயிற்றைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. “எம் முந்தான இப்படி முறுக்கிட்டு நிக்குது, ஒருத்தரும் ஒரு வார்த்த சொல்லல பாருங்க” என்று தன் மகனைத் திட்டினார். பெண்ணின் அம்மா மூச்சை விட்டார். பின்கட்டு வாசலில் அத்தை நிற்பதைப் பார்த்தேன். அவர் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டார்.

அதோடு நான் கிளம்பியிருக்க வேண்டும். விடவில்லை. விருந்தாளிகளோடு வரிசையில் உட்கார வைத்து இலை போட்டார்கள். நாட்டுக்கோழிக் குழம்பு, கிழங்கு, சோறு. எனக்கு முதல் துண்டு நல்ல துண்டாக விழுந்தது.

“படிச்சவங்க வந்தா ஒரு நொடியில ஆயிப்போகுதுங்க” என்றார் சம்பந்தியம்மா. “எங்கூட்டு டிவியும் மொணகுது. ஒருக்கா வந்து பாருங்க.”

“டவுன்ல படிச்சுட்டு வந்தவருங்க” என்றார் வீட்டுக்காரர். அவர் காலையில் பாதி நேரம் இல்லாதவர், அவருக்குத் தெரியாது. மனைவி எனக்கு ரசம் ஊற்றினார். நான் இலையைப் பார்த்துச் சாப்பிட்டேன்.

பிறகு சம்பந்தியம்மா பெண்ணின் அம்மா பக்கம் சாய்ந்தார். மெதுவாகப் பேசுகிறோம் என்று நினைத்துக்கொண்டு எல்லோருக்கும் கேட்கப் பேசுகிறவர் அவர். “உங்க நாத்தனாரு பந்திக்கு வரமாட்டாங்களா? வராட்டியும் செரிதானுங்க. அன்னிக்கு அவங்க கயிறெடுத்துக் குடுத்தப்பவே எனக்கு ஒரு மாதிரியாத்தான் இருந்துச்சு. என்னமோ, வீடியோவுல பாத்தாக் கொறயில்ல. அதுவரைக்கும் செரி.”

பெண்ணின் அம்மாவின் கை கரண்டியோடு நின்றது. உள்ளே பாத்திரச் சத்தமும் நின்றது. அத்தை கேட்டிருக்கிறார்.

எனக்குள் என்ன நடந்தது என்று இப்போதும் சரியாகச் சொல்ல முடியாது. வாய் திறந்துவிட்டது. “அம்மா, எனக்கு இங்கிலீசு படிக்கத் தெரியாதுங்க. நான் டவுன்ல எதுவும் படிக்கல. ஏழாவதுதான். அந்தப் பட்டியலப் படிச்சுச் சொன்னது உள்ள இருக்கறவங்கதான். அவங்க படிச்சுச் சொல்லாட்டி இன்னிக்கு நீங்க படம் பாத்திருக்க முடியாது. அவங்க ஏத்துன மஞ்ச ஆரம்பத்துலருந்தே நல்லாத்தான் இருந்துச்சு. கோளாறு நான் மாட்டுன பெட்டியிலதான்.”

வரிசை முழுக்க நிமிர்ந்து என்னைப் பார்த்தது. மஞ்சளை நான் இழுத்ததில்தான் சம்பந்தியம்மாவுக்குக் கயிற்றைப் பற்றிக் காலையில் ஏதோ நடந்திருக்கிறது என்றே தெரிந்தது. மறைக்கப் பார்த்ததை நானே போட்டு உடைத்துவிட்டேன் என்று புரிவதற்குள் வீட்டுக்காரர் பேசினார்.

“அப்ப உங்கள எதுக்குங்க கூப்பிட்டோம்?”

அவர் வெள்ளையாகத்தான் கேட்டார். மாப்பிள்ளைக்கு முதலில் சிரிப்பு வந்தது. பிறகு அவன் அப்பாவுக்கு. பிறகு எல்லோருக்கும். பலாப்பழத்துக்கு விலை பேசுகிறபோது வருகிற மாதிரியான சிரிப்பு, கெட்ட சிரிப்பு இல்லை. நான் குனிந்து இலையில் இல்லாத கல்லைப் பொறுக்கினேன்.

“என்னைய எதுக்குத் தம்பி நடுவுல இழுக்கறீங்க?” அத்தை குழம்புச் சட்டியோடு வெளியே வந்துவிட்டார். முகத்தில் நன்றி எதுவும் இல்லை. கோபம்தான் இருந்தது. “எவுளுக்கு எவுளு கொறன்னு நாலு பேரு பேசறதுக்கு நான் ஆளில்ல. யாருக்குக் கொழம்பு?”

சம்பந்தியம்மா தன் இலையைப் பார்த்தார், சட்டியைப் பார்த்தார், அதைப் பிடித்திருந்த கையைப் பார்த்தார். நகக் கண்ணில் சமையல் மஞ்சள் ஒட்டியிருந்தது.

“இங்க ஊத்துங்க” என்றார். “காரம் உங்க கைங்களா? இத்தன காரம் எங்க பக்கம் ஆகாது.”

“ஆகாதுன்னா ரெண்டாவது தடவ எதுக்குக் கேக்கறீங்க?” என்று ஊற்றினார் அத்தை. பெண்ணின் அம்மா உட்காரச் சொன்னதற்கு மட்டும், “அப்பறம் பாக்கலாம்” என்றார்.

என் இலைக்கு வந்தபோது கரண்டியை நிறுத்தாமலே கடந்து போனார். நானும் கேட்கவில்லை.

கை கழுவிவிட்டு வந்து பையை எடுத்தேன். எல்லோரும் மறுபடி டிவி முன்னால் உட்கார்ந்திருந்தார்கள். சம்பந்தியம்மாவுக்குத் தாலி கட்டுகிற இடத்தை இன்னொரு தடவை பார்க்க வேண்டுமாம். ரிமோட் என் பக்கத்து நாற்காலியில்தான் கிடந்தது. அவர் என்னிடம் சொல்லவில்லை. பின்கட்டைப் பார்த்துக் குரல் கொடுத்தார்.

“ஏனுங்க, கொஞ்சம் வாங்க. அந்த எடத்தத் திருப்பி வெச்சுக் குடுங்க.”

அத்தை ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டே வந்தார். நான் ரிமோட்டை எடுத்து அவரிடம் கொடுத்தேன். அவர் கண் திரையில் இருந்தது. என்னைப் பார்க்காமலே வாங்கிக்கொண்டார்.